சீகிரியாவா ராஜகலயா? அம்மாவையும் கூட்டிட்டு ஒரே நாள்ல போய்வர வேன், கைடு விசயம்

கல்லடி_மீன்மகள்

எல்லாருக்கும் வணக்கம். அண்ணன்ட ஆக்கள் டொரன்டோவில இருந்து மாமாங்கத் தீர்த்தத்துக்கு எண்டு வந்து நிக்கிறாங்க, இன்னும் ரெண்டு கிழமைதான் இருக்கு. கோயில், கடல், சொந்தக்காரர் வீடு எல்லாம் சுத்தி முடிஞ்சிட்டு, இப்ப மூத்தவனுக்கு மலைக்கு மேல இருக்கிற பழைய ராசாக்கள்ற இடம் ஏதாவது பாக்கணுமாம். யூடியூப்ல சீகிரியாவப் பாத்துட்டு அதையே பிடிச்சிட்டு நிக்கிறான், 13 வயசு, சொன்னா கேக்கிற வயசா. சின்னவளுக்கு 9. அண்ணன், அண்ணி, நான், அம்மா, மொத்தம் ஆறு பேர். அம்மாக்கு 67, முழங்கால் வருத்தம், நாலு படி ஏறினா ரெண்டு நாளைக்குப் படுத்திடுவா, ஆனா வீட்டில விட்டுட்டுப் போறம் எண்டு சொன்னா அதுக்கும் படுத்திடுவா.

ஒரு இடத்தில பிரைவேட் டே டூர் எண்டு விசாரிச்சம். வீட்டு வாசல்ல ஏத்தி வீட்டு வாசல்ல இறக்குறது, ஏசி வேன், இங்கிலிஷ் கதைக்கிற கைடு, பகல் சாப்பாடு, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆளுக்கு இவ்வளவு எண்டு டாலர்ல சொல்றாங்க, அதுலயும் டிக்கெட் காசு வேறயாம். அண்ணன் ஓமெண்டு தலையாட்ட வெளிக்கிட்டார், நான்தான் பொறுங்க கேட்டுப் பாப்பம் எண்டு நிப்பாட்டி வெச்சிருக்கன்.

வேன மட்டும் ஹயர் பண்ணிட்டு கைட அங்க போய்ப் பிடிக்கலாமா? ஒரே நாள்ல போய்த் திரும்ப ஏலுமா? அம்மாவ என்ன செய்றது? போனவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


வாழைச்சேனை_கேடிஎச்

அக்கா நான் வேன் ஓடுறவன்தான், ஹயர் பிடிக்க இத எழுதல்ல, அத முதல் சொல்லிக்கிறன்.

ஒரே நாள்ல தாராளமா ஏலும். கல்லடியில இருந்து வாழைச்சேனை, திருக்கொண்டியாமடு, வெலிகந்தை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரணை, இனாமலுவையில திரும்பினா சீகிரியா. 150 கிலோமீட்டர் சொச்சம் வரும், மூண்டு மணித்தியாலம் வைங்க. விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டா ஏழு ஏழரைக்கு கேட்ல நிக்கலாம். எட்டரை ஒம்பதுக்குப் பிறகு போய் ஏறினா வெயில் ஒருபக்கம், கொழும்பு பஸ் கூட்டம் மறுபக்கம், அந்த இரும்புப் படியில ஒராளுக்குப் பின்னால ஒராள் நிண்டு நிண்டு போகணும், அதுல சின்னப் புள்ளையள் சிணுங்கத் தொடங்கிடும்.

ஆனா நாலு மணி எண்டா புனானை வெலிகந்தைப் பக்கம் இருட்டில ஆனை நிக்கும், ரோட்டுக்கு நடுவிலயே நிக்கும். ட்ரைவர் அந்த ரூட்ல ஓடிப் பழகினவரா எண்டு கேட்டுப் பாருங்க. ஹோன் அடிச்சு லைட்ட டிம் டிப் பண்ணுற ஆள் எண்டா வேணாம். திரும்பி வரக்குள்ளயும் ஹபரணை மின்னேரியாப் பக்கத்த ஆறு மணிக்கு முன்ன தாண்டிடுங்க. இது ஓகஸ்ட், மின்னேரியாக் குளம் வத்த வத்த ஆனையெல்லாம் புல்லுத் திங்க அங்கதான் கூடுற காலம், நேரம் இருந்தா பின்னேரம் ஒரு ஜீப் எடுத்துக் காட்டுங்க, ஆனா அதுக்கு காசும் நேரமும் தனி.

கைடு அங்க கேட்லயே நிப்பாங்க. சுற்றுலா அதிகார சபை குடுத்த கார்ட் கழுத்தில தொங்குதா எண்டு பாத்து, காச முதலே பேசி, எத்தின மணித்தியாலம் எண்டும் பேசிட்டு நடக்கத் தொடங்குங்க. கார்ட் இல்லாம ஒரு கூட்டம் இருக்கு, வயசான ஆக்களப் பாத்தா ஓடி வந்து கையப் பிடிச்சு ஏத்தி விடுவாங்க, பாவம் நல்ல மனுசன் எண்டு நினைப்பம், மேல போனதும் கணக்குச் சொல்லுவாங்க. உங்கட அம்மா அவங்களுக்கு வாய்ப்பான ஆள்.

டிக்கெட்: ஐசி (இலங்கை அடையாள அட்டை) இருக்கிற ஆக்களுக்கு சின்னக் காசு. வெளிநாட்டுப் பாஸ்போட் எண்டா ஆளுக்கு 30 டாலருக்குக் குறையாது, சின்னவளுக்கு அரை. அண்ணன் இரட்டைக் குடியுரிமை எடுத்திருந்தா இலங்கைப் பாஸ்போட்ட மறக்காமக் கொண்டு போகச் சொல்லுங்க.


ஆரையம்பதி_ஊர்சுத்தி

பேக்கேஜ் எடுத்து மாட்டுப்பட்டவன் நான். பேர் சொல்லல்ல, விடுவம். போன வருசம் லண்டன் சித்தப்பாவோட ஒரு டூர் புக் பண்ணினம், "பிரைவேட் டூர், உங்கட விருப்பப்படி நிப்பாட்டலாம்" எண்டு சொன்ன ஆக்கள்தான். நாங்க நிப்பாட்டச் சொன்ன இடத்தில நிப்பாட்டல்ல, அவங்க நிப்பாட்டின இடத்தில நாங்க இறங்கினம். முதல் ஒரு ஸ்பைஸ் கார்டன். ஒரு ஆள் வெள்ளைக் கோட்டு போட்டுட்டு வந்து சித்தப்பாட மொட்டத் தலையில ஏதோ எண்ணெய் தடவி, முடி முளைக்கும் எண்டு ஒரு போத்தில் தலையில கட்டிட்டார். (முளைக்கல்ல.) பிறகு மரச் சிற்பக் கடை, பிறகு ரத்தினக் கல்லுக் கடை. சீகிரியாவுக்கு வந்து சேரக்குள்ள பதினொண்டரை! பாறை அடுப்புக் கல்லு மாதிரிக் கொதிக்குது, சித்தி பாதி வழியில கல்லுச் சிங்கத்துட கால் இருக்கிற சிங்கக் காலடியில இருந்துட்டு நான் இதுக்கு மேல வரல்ல எண்டுட்டா.

கைடு எண்டு வந்த பொடியன் நல்லவன்தான், ஆனா அவனுக்கு அடுத்த குறூப் இருக்கு, மணிக்கூட்டப் பாத்துப் பாத்துக் கதை சொல்றான். பெயின்டிங் இருக்கிற இடத்தில நாங்க நிண்டது அஞ்சு நிமிசம் வராது.

வேன் தனி, கைடு தனி. அதுதான் சரி. வேன்காரரோட "கடை ஒண்டுலயும் நிப்பாட்டக் கூடாது, சாப்பாட்டுக் கடைய நாங்கதான் சொல்லுவம்" எண்டு வெளிக்கிட முதலே பேசிக்கங்க.


சம்மாந்துறை_நானா

தங்கச்சி, எல்லாரும் சீகிரியா சீகிரியா எண்டு ஓடுறீங்க, நம்மட அம்பாறை மாவட்டத்துக்குள்ளயே மலை உச்சியில ஒரு முழு நகரம் மாதிரிக் கிடக்குது, ராஜகல எண்டு, நம்மட ஆக்கள்ல பத்துப் பேர்ல ஒராள் போயிருப்பாரோ தெரியா. அம்பாறை டவுண்ல இருந்து உகனை தாண்டி மகா ஓயா ரோட்டில போகணும், 25, 30 கிலோமீட்டருக்குள்ளதான். மட்டக்களப்பில இருந்து வாற நீங்க செங்கலடி, கரடியனாறு, புல்லுமலை எண்டு பதுளை ரோட்டப் பிடிச்சு மகா ஓயாவுக்கு வந்து அங்கால அம்பாறைப் பக்கம் திரும்பினாலும் வரலாம், ரெண்டு ரெண்டரை மணித்தியாலம் காணும்.

நான் வாப்பாவையும் மகனையும் கூட்டிட்டுப் போன. சுபஹு தொழுத கையோட வெளிக்கிட்டு ஏழு மணிக்கு மலையடியில நிண்டம். சீகிரியா மாதிரி நேரா இரும்புப் படி இல்ல, காட்டுக்குள்ளால கல்லுப் படியும் மண் பாதையுமா போகுது, நின்டு நின்டு ஏறினா ஒரு மணித்தியாலம் வரும். மேல போனா ஆயிரம் ஏக்கருக்கு மேல பரந்து கிடக்குது, நூத்துக் கணக்கில இடிபாடு. தாதுகோபம் (தூபி), கல்லுத் தூண் காடு மாதிரி நிக்கிற மண்டபங்கள், பிக்குமார் இருந்த குகைகள், குளம். குகை ஒவ்வொண்டுக்கும் நெத்தியில ஒரு வெட்டு வெட்டி வெச்சிருக்கான், மழைத் தண்ணி உள்ள வழியாம வெளியால சொட்டுறதுக்கு. வாப்பா அதப் பாத்துட்டு "நம்மட வீட்டு ஓட்டுக் கூரைக்கு இந்த மூளை இல்லியே" எண்டார். சாப்பாட்டு மண்டபத்துப் பக்கம் ஒரே கல்லில குடைஞ்ச பெரிய பாத்திரம் ஒண்டு கிடக்குது, என்ட மகன் அதுக்குள்ள ஏறி இருக்கப் போய் நான் இழுத்து எடுத்தன், அதெல்லாம் செய்ய விடாதீங்க.

பெரிய விசயம் என்னெண்டா அங்க ஒரு கல்வெட்டு இருக்குது, மகிந்த தேரரும் இட்டிய தேரரும் எண்டு ரெண்டு பேர்ட பேர் போட்டு, அவங்கட தாது வெச்ச தூபி இது எண்டு. இலங்கைக்கு பௌத்தத்தக் கொண்டு வந்த அதே மகிந்தர்தான். ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகமும் தொல்பொருள் திணைக்களமும் சேர்ந்து தோண்டித் துப்புரவாக்கி இரிக்காங்க.

ரெண்டு விசயம் சொல்லோணும். மேல கடை கிடை ஒண்டும் இல்ல, தண்ணி ஆளுக்கு ரெண்டு போத்தில். மற்றது ஆனை, சுத்திவரக் காடு, அதால மலையடியில நிக்கிற ஆக்கள்ட்ட கேக்காம தனிய ஏறாதீங்க, பின்னேரம் மூண்டு மணிக்குப் பிறகு ஏறவே ஏறாதீங்க. வழி காட்டுற ஆள அங்கயே கேட்டு எடுக்கலாம், சிங்களம் தெரிஞ்ச ஒராள் உங்கட பக்கம் இருந்தா நல்லம், எங்களுக்கு வந்தவருக்கு தமிழ் ஒரு சொல்லு தெரியா.

திரும்பி வரக்குள்ள மகா ஓயாவுல வெந்நீர்க் கிணறு இரிக்கி, கால் நோவுக்கு அங்க ஊத்திட்டு வாங்க. உம்மா மாதிரி ஆக்களுக்கு அதுதான் டூர்.


கிறுக்கன்_96

சீகிரியாவுக்கு லிப்ட் போட்டா சொல்லுங்க, அதுவரைக்கும் நான் கீழ நிண்டே பாக்குறன்.


கல்லடி_மீன்மகள்

எல்லாருக்கும் பெரிய நன்றி. நானா சொன்னத வாசிச்சுக் காட்டினன், அண்ணி உடனே கூகுள்ல பாத்துட்டு "இடிஞ்ச கல்லுத்தானே, புள்ளையளுக்குப் போரடிக்கும்" எண்டுறா. மூத்தவன் படம் இருக்கா பெயின்டிங் இருக்கா எண்டு கேக்குறான். அம்மா வெந்நீர்க் கிணறு எண்ட உடனே ராஜகலதான் எண்டு முடிவெடுத்துட்டா. வீட்டில ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு கிடக்கு. புள்ளையளுக்கு எது நல்லம்?


வெல்லாவெளி_வாத்தியார்

பிள்ளை, நான் முப்பது வருசம் சரித்திரம் படிப்பிச்சவன், ரெண்டு இடத்துக்கும் பள்ளிக்கூடப் பிள்ளையளக் கூட்டிட்டுப் போயிருக்கன், அதால கொஞ்சம் நீட்டி எழுதுறன்.

சீகிரியா எண்டா கதை. தாதுசேன ராசாவ மகன் காசியப்பன் பிடிச்சு, புதையல் எங்க எண்டு கேக்க, தகப்பன் தான் கட்டின கலாவெவைக் குளத்துக்குக் கூட்டிட்டுப் போய் தண்ணிய அள்ளிக் காட்டி, இதுதான்டா என்ட சொத்து முழுக்க எண்டாராம், மகன் அவர உயிரோட சுவருக்குள்ள வெச்சுப் பூசிட்டானாம் எண்டு சூளவம்சம் எண்ட பழைய சரித்திர நூல் சொல்லுது. தம்பி முகலன் இந்தியாவுக்கு ஓட, எப்பயாவது படையோட வருவான் எண்ட பயத்தில காசியப்பன் 200 மீற்றர் பாறைக்கு மேல போய் மாளிகை கட்டி கி.பி. 477 தொடக்கம் 495 வரைக்கும் ஆண்டான். முகலன் வந்தான், அண்ணன் கதை முடிஞ்சுது. இதச் சொன்னா 13 வயசுப் பொடியன் காதக் குடுப்பான். நல்ல கைடு வேணும் எண்டுறது இதுக்குத்தான், சும்மா நடந்தா 1,200 படியும் மூச்சிரைப்பும்தான் மிஞ்சும்.

ஓவியம் இருக்கிற இடத்தில போட்டோ எடுக்க விடமாட்டாங்க, அத முதலே தம்பிக்குச் சொல்லி வைங்க. 1967ல ஆரோ அந்த ஓவியங்களுக்கு மேல பெயின்ட் ஊத்தி நாசமாக்கி, பிறகு பாடுபட்டுத் துப்புரவாக்கினது. அதுக்குக் கீழ கண்ணாடிச் சுவர். அந்தக் காலத்தில சுவரில முகம் தெரியுமளவுக்கு மினுக்கி வெச்சிருந்தாங்க எண்டு சொல்லுவாங்க. அதுல ஓவியத்துப் பொம்பிளையளப் பாக்க வந்த ஆக்கள் நூற்றாண்டு நூற்றாண்டா கவிதை கீறிட்டுப் போயிருக்கான், பரணவிதான எண்ட அறிஞர் 685 கவிதைய வாசிச்சுப் பதிப்பிச்சார். இப்ப பேஸ்புக்ல கமென்ட் போடுறமே, அதேதான். ஆனா நீங்க கீறினா ஜெயில்.

சிங்கக் காலடியில குளவி. சத்தம் போடாதீங்க எண்டு போர்ட் போட்டிருக்கு, சின்னவளுக்குச் சொல்லி வைங்க. இந்த மாசம் கச்சான் காத்து உச்சியில தொப்பியப் பறிக்கும்.

அம்மாவுக்கு சீகிரியாவில கீழ இருக்கிற நீர்த் தோட்டம் காணும். சமதரை, மரநிழல், மியூசியமும் இருக்கு, ஒராள் கூட இருந்தா ரெண்டு மணித்தியாலம் பொழுது போயிடும்.

ராஜகல வேற மாதிரி. அங்க சண்டைக் கதை இல்ல, சீகிரியாவுக்கு அறுநூறு வருசத்துக்கு முந்தியே பிக்குமார் இருந்த இடம். கல்வெட்டெல்லாம் பிராமி எண்ட பழைய எழுத்து, பாசை பிராகிருதம், அதுவும் பழைய பாசை. நம்மட ஆக்கள் சிலர் இது எங்கட இடமில்ல எண்டு எட்டிப் பாக்காம விடுறாங்க, அது சரியில்ல எண்டுறது என்ட கருத்து. இதே அம்பாறை மாவட்டத்தில குடுவில் எண்ட இடத்துக் கல்வெட்டில தீகவாபி எண்ட ஊர் வணிகர்களோட சேத்து "தமேட" எண்டு தமிழரக் குறிக்கிற சொல்லு வருது. அந்தக் காலத்தில இந்தப் பக்கத்தில ஆர் ஆர் நடமாடினாங்க எண்டு கல்லே சொல்லுது, சண்டை பிடிக்கிறது நாமதான்.

தம்பிக்கு ஒரு வேலை குடுங்க. பிராமியில "க" எழுத்து கணக்கில போடுற கூட்டல் அடையாளம் மாதிரியே இருக்கும். நம்மட க-வும் அந்தக் கூட்டல்ல இருந்து வளைஞ்சு வளைஞ்சு வந்ததுதான். ராஜகலக் கல்வெட்டில இட்டிய தேரர்ட பேர "இடிக" எண்டு வெட்டியிருக்கு. அந்தக் கூட்டலக் கண்டுபிடி எண்டு சொல்லுங்க. ஒண்டு, வெயில் உச்சிக்கு வந்தா எழுத்து தெரியாது, காலமை சாய்ஞ்ச வெளிச்சம் வேணும், இல்லாட்டி போன் டோர்ச்ச பக்கவாட்டில பிடிங்க. கல்ல உரஞ்சக் கூடாது, சோக்கு பூசக் கூடாது.

ரெண்டு இடத்திலயும் உடுப்பு கவனம், முழங்கால், தோள் மறையணும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நிண்டு செல்பி எடுக்கிற பழக்கத்த வெளிநாட்டுப் பிள்ளையளுக்கு முதலே சொல்லி நிப்பாட்டுங்க, தேவையில்லாத வம்பு.


ஆரையம்பதி_ஊர்சுத்தி

வாத்தியார் அந்தக் காலத்தில இப்படிப் படிப்பிச்சிருந்தா நான் சரித்திரம் பாஸாகியிருப்பன்.

மீன்மகள், இன்னொண்டு, தெற்குப் பக்கம் போற எண்ணம் இருந்தா பாணமைக்கு அங்கால குடும்பிகல எண்டு ஒண்டு இருக்கு, பாறை உச்சியில உருளை மாதிரி ஒரு தாதுகோபம். அதே ரோட்டில இன்னும் அங்கால போனா உகந்தை முருகனையும் கும்பிடலாம், அம்மாவுக்கும் சந்தோசம். ஆனா கல்லடியில இருந்து தூரம், ஒரு நாள் இழுபடும்.


கல்லடி_மீன்மகள்

நேத்து போய் வந்திட்டம்! ராஜகலதான். சீகிரியா டிக்கெட் காச அண்ணன் நாலு பேருக்கும் போன்ல பெருக்கிப் பாத்துட்டு, "அந்த மகிந்தரையே பாப்பம்" எண்டுட்டார். இரட்டைக் குடியுரிமை இன்னும் எடுக்கல்லயாம், அதுக்கு அம்மாட்ட தனியா ஏச்சு வாங்கினார்.

விடிய நாலரைக்கு வெளிக்கிட்டம், புட்டும் கட்டச் சம்பலும் வாழையிலையில கட்டி, ஒரு போத்தில் தேத்தண்ணி, அஞ்சு லீட்டர் கான்ல தண்ணி. புல்லுமலை தாண்டினாப் பிறகு ரோட்டில எங்கட வேனத் தவிர ஒண்டும் இல்ல, ஆனை லத்தி மட்டும் புதுசா ஆவி பறக்கக் கிடந்துது, ட்ரைவர் ஒண்டும் சொல்லல்ல, கண்ணாடிய மட்டும் ஏத்தினார்.

மலையடியில ஒரு ஐயா வழிகாட்ட வந்தார், அந்தக் கிராமத்து ஆள். எங்கட ட்ரைவருக்கு நல்ல சிங்களம், அவர் சொல்லச் சொல்ல இவர் தமிழ்ல சொன்னார், அண்ணி அத இங்கிலிஷ்ல புள்ளையளுக்குச் சொன்னா. ஒரு கதை மூண்டு தரம் வந்து சேரும், சின்னவள் கடைசியில சிங்களத்திலயே சிரிக்கத் தொடங்கிட்டாள்.

அம்மா வேனுக்குள்ள இருக்கிறன் எண்டு சொல்லிட்டு பத்துப் படி ஏறிப் பாக்கிறன் எண்டா, பிறகு அந்த வளைவு வரைக்கும் எண்டா, பாதி மலை வந்திட்டா! ஒரு பெரிய பாறை நிழல்ல இருத்தி நான் கூட இருந்தன், மற்றவங்க மேல போனாங்க. குரங்கு ஒண்டு வந்து அம்மாட மடியில இருந்த கச்சான் கடலைப் பேக்க எடுத்துட்டுப் போய் எங்களுக்கு முன்னாலயே ஒவ்வொண்டா உடைச்சுத் திண்டுது. பிறகு அண்ணி இறங்கி வந்து அம்மாவோட இருந்தா, நான் ஓடிப் போய்ப் பாத்தன், அதால வாத்தியார் சொன்ன இடத்த நானும் கண்டன்.

வெறும் கண்ணுக்கு கல்லுல ஒண்டுமே இல்ல. பாசி, வெடிப்பு, அவ்வளவுதான். மூத்தவன் "இதுக்கா வந்த" எண்ட மாதிரி மூஞ்சிய வெச்சுட்டு நிண்டான். ஐயா போன வாங்கி டோர்ச்ச கல்லோட ஒட்டிச் சரிச்சுப் பிடிச்சார், அப்பிடியே எழுத்து எழும்பி வந்துது, ஒவ்வொண்டா, கோடு, வட்டம், கொக்கி. ஒருத்தரும் கதைக்கல்ல. அவன் குனிஞ்சு கிட்டப் போய், விரல கல்லுல படாம மேலால கொண்டு போய், "அத்தை பிளஸ்!" எண்டு கத்தினான் பாருங்க, மரத்தில இருந்த புறா எல்லாம் பறந்து போச்சு. அதுக்குப் பிறகு இறங்க மாட்டன் எண்டு நிண்டவன் அவன்தான்.

வெந்நீர்க் கிணத்தடியில அம்மா ஒரு மணித்தியாலம். காலுக்கு ஊத்தி ஊத்தி எழும்பவே இல்ல. இண்டைக்கு விடிய படுப்பா எண்டு பாத்தன், முற்றம் கூட்டுறா.

ஒரு அவசரக் கேள்வி. எங்க எல்லாருக்கும் காலில உண்ணி. அண்ணிக்கு மட்டும் ஏழு. நெருப்புக் குச்சியால சுட்டா விழும் எண்டு அம்மா சொல்றா, அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போகணும் எண்டு நிக்கிறா. என்ன செய்றது?


சம்மாந்துறை_நானா

சுடாதீங்க தங்கச்சி! உண்ணி விழாது, கால்தான் வேகும். கூரான சாமணம் ஒண்டு எடுத்து தோலோட ஒட்டித் தலையில பிடிச்சு, திருகாம நேரா மெதுவா இழுங்க, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்க. காய்ச்சல் கீச்சல் வந்தா மட்டும் டாக்டர்ட்டக் காட்டி, காட்டுக்குப் போன எண்டும் சொல்லுங்க. காற்சட்டையையும் சொக்ஸையும் வீட்டுக்குள்ள கொண்டு போகாம கொதிதண்ணியில போடுங்க.

நான் அத எழுத மறந்து போன, மன்னிக்கணும்.


கல்லடி_மீன்மகள்

இன்னொண்டு இப்ப அண்ணன்ட காதுக்குப் பின்னால கண்டுபிடிச்சிருக்கு. சாமணம் தேடுறம்.